பிடரியில் பிறக்கும் தலைவலி: பிசியோதெரபி சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

பிடரியில் ஒரு பக்கம் இறுக்கமாகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பின்மண்டை வழியாக மேலே ஏறி, நெற்றிப்பொட்டைத் தொட்டு, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மாத்திரை போட்டால் சில மணி நேரம் அடங்கும்; மறுநாள் மறுபடியும் வரும். கண்ணாடியின் பவரை மாற்றிப் பார்த்தாயிற்று, சைனஸ் என்று ஆவி பிடித்தாயிற்று, தலைக்கு ஸ்கேன் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலையும் வாங்கியாயிற்று. இப்படி ஒரு தலைவலியோடு அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் வலியே பொய் என்று ஆகிவிடாது. தலையில் தேடியது கழுத்தில் இருக்கலாம். கழுத்தின் மேல்பகுதி மூட்டுகளிலும் தசைகளிலும் பிறந்து தலையில் உணரப்படும் வலிக்கு செர்விகோஜெனிக் ஹெடேக் என்று மருத்துவத்தில் பெயர். நார்வே நாட்டின் நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஸ்யோஸ்டாட் 1983இல் இந்தப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் இன்று இதற்குத் தனி இடம் உண்டு. பிசியோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்படும் தலைவலி இது. ஆனால், கழுத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் கழுத்தில் கை வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் முன்பாதி முழுக்க அந்த உறுதிக்காகவே.

கழுத்தில் கோளாறு, கண்ணில் ஏன் வலிக்கிறது?

கழுத்தில் ஏழு எலும்புகள். இந்தத் தலைவலியில் நமக்கு வேண்டியவை மேலே இருக்கும் மூன்று. மண்டையோடு முதல் எலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது; ‘ஆமாம்’ என்று தலையசைப்பது பெரும்பாலும் அங்கே நடக்கிறது. முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள மூட்டில் ‘இல்லை’ என்று தலையாட்டும் அசைவு நடக்கிறது. கழுத்தை இடம் வலமாகத் திருப்பும் அளவில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டின் வேலை. அதற்குக் கீழே, இரண்டாவது எலும்புக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருக்கும் சிறு மூட்டுகள்தான் இவ்வகைத் தலைவலிக்கு அடிக்கடி காரணமாகின்றன.

இந்தப் பகுதியின் வலிச் செய்தியை மேல் மூன்று கழுத்து நரம்புகள் எடுத்துச் செல்கின்றன. நெற்றி, கண் உட்பட முகத்தின் வலிச் செய்தியை ட்ரைஜெமினல் என்ற நரம்பு கொண்டுவருகிறது. இரண்டும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. பக்கத்து வீடுகள் இரண்டுக்கும் ஒரே தபால்பெட்டி இருந்தால் கடிதம் மாறிப்போவதுபோல, கழுத்திலிருந்து வந்த செய்தியை மூளை நெற்றியிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது. நெற்றியில் தைலம் தடவிக்கொண்டே இருந்தும் வலி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம்.

முதல் படி: இது ஆபத்தான தலைவலியா?

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோதெரபி, மசாஜ், ஒத்தடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சில விநாடிகளில் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் பார்த்திராத கடுமையான தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுபோக முடியாத நிலை. முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் பலமிழப்பது, பார்வை இரட்டையாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது, ஒரு கண்ணின் இமை திடீரென்று தொங்குவது. விபத்திலோ கீழே விழுந்தோ அடிபட்ட பிறகு தொடங்கிய வலி. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் தலைவலி. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி.

இரண்டு நிலைமைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவைதான் அடிக்கடி தவறிப்போகின்றன. ஒன்று, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது. கழுத்தின் ஒரு பக்கத்திலும் தலையிலும் ‘இதற்கு முன் இப்படி வலித்ததே இல்லை’ என்று சொல்லும்படி புதுவிதமாக வலிக்கும். கூடவே தலைசுற்றல், தள்ளாட்டம் இருக்கலாம். சாதாரணக் கழுத்துப்பிடிப்பு என்று நினைத்து யாராவது கழுத்தைத் திருப்பிவிட்டால் பக்கவாதத்தில் முடியலாம். இரண்டாவது, 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக வரும் தலைவலி. தலைவாரும்போது தலைத்தோல் வலிக்கிறது, மெல்லும்போது தாடை கடுக்கிறது என்றால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் அழற்சி இருக்கக்கூடும். உடனே மருந்து தொடங்காவிட்டால் பார்வையே போய்விடலாம்.

ஆம்புலன்ஸை அழைக்கத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ‘விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருக்காதீர்கள்.

இரண்டாம் படி: கழுத்திலிருந்துதான் வருகிறதா?

ஒரு பக்கம் வலித்தாலே மைக்ரேன் என்று முடிவுகட்டிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கழுத்திலிருந்து வரும் தலைவலியும் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் வரும். வேறுபாடு என்னவென்றால், இது பக்கம் மாறுவதில்லை. வலப்பக்கம் என்றால் எப்போதும் வலப்பக்கம்தான். இரண்டு பக்கமும் வலிக்கும் நாள்களிலும் ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும். மைக்ரேன் இந்த முறை இடம், அடுத்த முறை வலம் என்று மாறக்கூடியது.

கழுத்துத் தலைவலி பிடரியில் தொடங்கி முன்னுக்கு வரும். கழுத்தை ஒரு பக்கம் திருப்பினாலோ, அண்ணாந்து பார்த்தாலோ, குனிந்தபடி நெடுநேரம் தைத்தாலோ, எழுதினாலோ, திரையைப் பார்த்தாலோ வலி கிளம்பும் அல்லது கூடும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கழுத்து ஒரு பக்கம் சரியாகத் திரும்பாது. பிடரியில் குறிப்பிட்ட ஓர் இடத்தை அழுத்தினால் அந்தப் பழகிய தலைவலி அப்படியே எழும். மந்தமான, இழுத்துப் பிடிக்கும் வலி இது. விண்விண்ணென்று தெறிப்பது, குமட்டுவது, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் இருட்டறையைத் தேடுவது, மாடிப்படி ஏறினால் கூடுவது ஆகியவை மேலோங்கி இருந்தால் மைக்ரேன் பக்கம் யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மைக்ரேன் வரும் பலருக்கும் கழுத்து வலிக்கும். தலைவலி தொடங்குவதற்கு முன்பே கழுத்து இறுகும். அதனால் ‘கழுத்தும் வலிக்கிறது, ஆகவே கழுத்துதான் காரணம்’ என்ற கணக்கு செல்லாது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கழுத்துக்கான சிகிச்சையில் ஒரு பகுதி வலி குறையும், மீதிக்கு மைக்ரேன் மருந்து வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: வலி வந்த நேரம், எந்தப் பக்கம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பத்துக்கு எத்தனை வலி, என்ன மாத்திரை போட்டீர்கள். கடைசியாகச் சொன்ன மாத்திரைக் கணக்கை மறைக்காமல் எழுதுங்கள். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த வலிமாத்திரையையும் டிரிப்டான் வகை மைக்ரேன் மாத்திரையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கக்கூடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கமுள்ள நம் ஊரில் இது சாதாரணமாக நடக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் கழுத்துக்கு எவ்வளவு நல்ல சிகிச்சை கொடுத்தாலும் பலன் தெரியாது. மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் போவது, அங்கே என்ன நடக்கும்

முதலில் ஒரு மருத்துவர் பார்க்கட்டும். ரத்த அழுத்தம், நரம்புப் பரிசோதனை, வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை. பிறகு பி.பி.டி. அல்லது எம்.பி.டி. (பிசியோதெரபியில் இளநிலை, முதுநிலைப் பட்டம்) படித்த பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். படிப்பைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல பிசியோதெரபிஸ்ட் சந்தோஷமாகச் சொல்வார். எலும்பு மூட்டுப் பிரிவில் மேற்படிப்பு முடித்து, கையால் செய்யும் சிகிச்சையில் பயிற்சி பெற்றவராக இருந்தால் இன்னும் நல்லது. தனியாரிடம் போக வசதியில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை உண்டு.

முதல் நாள் கழுத்தைத் தொடுவதற்கு முன் நிறையக் கேள்வி கேட்பார்கள். முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் நோய்) இருக்கிறதா, எலும்பு பலவீனமா, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தீர்களா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். முடக்குவாதத்தில் முதலிரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள கட்டு தளர்ந்திருக்கலாம். அங்கே கையால் அழுத்துவது ஆபத்து. இந்தக் கேள்விகள் எதுவும் இல்லாமல், ‘படுங்க, கரண்ட் வெச்சிடலாம்’ என்று தொடங்கும் இடத்தில் நீங்களே இவற்றைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பரிசோதனைகள். மிக முக்கியமானது எளிமையானதும்கூட. மல்லாந்து படுக்கவைத்து, தாடை நெஞ்சைத் தொடும் அளவுக்குக் கழுத்தை முழுக்க மடக்கி, அந்த நிலையிலேயே இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார்கள். கழுத்தை மடக்கும்போது கீழ் மூட்டுகள் இறுகிவிடுவதால், திரும்பும் அசைவு பெரும்பாலும் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டில்தான் நடக்கும். வலியில்லாதவருக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 பாகை திரும்பும். தலைவலி இருக்கும் பக்கம் 32, 33 பாகைக்குள் நின்றுவிட்டால் அந்த மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கும்.

பிறகு விரலால் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்ப்பார்கள். ‘இங்க தொட்டா கண்ணுக்குப் பின்னால வலி போகுதா?’ என்று கேட்பார்கள். வலி போனால் போகிறது என்று சொல்லுங்கள்; வெறும் பிடரி மட்டும் வலித்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அவர் தேடுவது உங்களுடைய வழக்கமான தலைவலியை. வேறு வலியைக் காட்டிக்கொடுத்தால் சிகிச்சை வேறு இடத்துக்குப் போய்விடும்.

மூன்றாவது, கழுத்தின் முன்பக்க ஆழத் தசைகளின் திறன். கழுத்தெலும்பை ஒட்டி முன்னால் இரண்டு மெல்லிய தசைகள் இருக்கின்றன. நாள்பட்ட கழுத்துவலியில் அவை சோம்பிவிடும். மேலாக இருக்கும் பெரிய தசைகள் அந்த வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு இறுகும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போன்ற ஒரு காற்றுப்பையைக் கழுத்துக்கு அடியில் வைத்து, 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றடைத்து, லேசாகத் தலையசைத்து 22, 24, 26 என்று இரண்டிரண்டாக 30 வரை ஏற்றச் சொல்வார்கள். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி நிறுத்த வேண்டும். கருவி இல்லாத இடத்தில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்தே அனுபவமுள்ளவர் ஓரளவு கணித்துவிடுவார்.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது’ என்ற வரியைப் படித்ததும் பலர் உடைந்துபோகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் எந்த வலியும் இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அந்தத் தேய்மானம் தெரியும். கழுத்துத் தலைவலியை எக்ஸ்ரே மட்டும் பார்த்து உறுதிசெய்யவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது. அடிபட்டிருந்தாலோ வேறு நோயின் சந்தேகம் இருந்தாலோ படம் எடுப்பது அவசியம். இல்லாவிட்டால் கைப் பரிசோதனைதான் அதிகம் சொல்லும்.

நான்காம் படி: சிகிச்சை அறையில்

இதில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குவென்டலின் ஜல் என்ற பிசியோதெரபிப் பேராசிரியர் தலைமையில் நடந்து, 2002இல் வெளியானது. கழுத்துத் தலைவலி உள்ள 200 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கையால் மூட்டுச் சிகிச்சை, ஒரு குழுவுக்கு மெல்லிய தசைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் இல்லை. சிகிச்சை ஆறு வாரம்தான். மூட்டுச் சிகிச்சையும் பயிற்சியும் தனித்தனியே பலன் தந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவில் நிவாரணம் கண்டவர்கள் சுமார் 10 சதவீதம் கூடுதல். அந்தப் பயிற்சி ஒன்றும் ஜிம்மில் செய்வதுபோன்றது கிடையாது. படுத்துக்கொண்டு லேசாகத் தலையசைப்பது, தோள்பட்டையை அடக்கிவைப்பது, இவ்வளவுதான்.

கையால் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் மென்மையானது. இறுகிய மூட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக, சீராக, முன்னும் பின்னும் தள்ளுவார்கள். நியூசிலாந்தின் பிரையன் முல்லிகன் உருவாக்கிய முறையில், மூட்டைப் பிசியோதெரபிஸ்ட் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்க நீங்களே கழுத்தைத் திருப்ப வேண்டும். செய்யும்போது வலிக்கக் கூடாது என்பது அந்த முறையின் அடிப்படை விதி. வலித்தால் பிடி தவறு அல்லது இடம் தவறு என்று பொருள்.

கழுத்தை வேகமாகச் சொடுக்கும் முறையும் ஒன்று இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் சோதித்துப் பார்த்துச் செய்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், மேல் கழுத்தில் அந்த வேகச் சொடுக்கு இல்லாமலேயே காரியம் நடக்கும்போது அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. யாராவது செய்ய முன்வந்தால், என்ன ஆபத்து இருக்கிறது என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரு பக்கமும் ‘டக் டக்’கென்று நெட்டி முறிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் மேல் கழுத்தில் எலும்புத் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தத் திடீர்த் திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ‘அண்ணே, கழுத்து மட்டும் வேண்டாம்’ என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று கழுத்தை முறுக்குபவர்களுக்கும் இதே பதில்தான்.

கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்ட், மெழுகு, வெந்நீர்ப் பை இவை வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். தணிந்த நேரத்தில் பயிற்சி செய்ய உதவும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. பத்து நாள் போய் மெஷின் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பயிற்சிகூடக் கற்றுக்கொள்ளாமல் திரும்பியிருந்தால், ‘பிசியோதெரபி பார்த்தேன், கேட்கவில்லை’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. கழுத்துப் பட்டையையும் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிய வேண்டாம். ஏற்கெனவே சோம்பிப்போன தசைகளை அது இன்னும் சோம்பேறியாக்கும்.

ஐந்தாம் படி: வீட்டில் செய்ய வேண்டியது

கீழே வருபவற்றை ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட்டின் முன்னால் செய்துகாட்டிவிட்டு வீட்டில் தொடருங்கள். எழுத்தில் படித்துச் செய்பவர்கள் அனேகமாக எல்லோரும் தேவைக்கு மேல் பலம் போடுகிறார்கள்.

தலையசைப்புப் பயிற்சி. இதுதான் உயிர்நாடி. பாயிலோ கட்டிலிலோ மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். முகம் கூரைக்கு இணையாக இருக்கும்படி பின்மண்டைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். தாடை மேல்நோக்கித் தூக்கியிருந்தால் துண்டு போதவில்லை என்று அர்த்தம். நாக்கு நுனி மேலண்ணத்தில், பற்கள் ஒன்றையொன்று தொடாமல், உதடு மூடியிருக்கட்டும். இப்போது தாடையைத் தொண்டைப் பக்கம் மிக லேசாகக் கொண்டுவாருங்கள், யாருக்கோ சத்தமில்லாமல் ‘ஆமாம்’ சொல்வதுபோல. பின்மண்டை துண்டின் மேல் வழுக்கிக்கொண்டு கொஞ்சம் மேலே போக வேண்டும். தலை துண்டைவிட்டு எழும்பக் கூடாது.

காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்பு வரை கயிறுபோல ஓடும் தசை இருக்கிறதே, அதன் மேல் இரண்டு விரலை வையுங்கள். அது விடைத்துக்கொண்டு நின்றால் அளவு கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். விரலுக்கு அடியில் அது மெத்தென்றே இருக்கும் அளவில் பத்து விநாடி நிறுத்தி, மூச்சை அடக்காமல், பிறகு விடுங்கள். பத்து முறை. காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. ஆரம்பத்தில் மூன்று, நான்கிலேயே தசை நடுங்கும். நடுங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுநாள் ஒன்று கூட்டுங்கள். ‘இதெல்லாம் ஒரு பயிற்சியா’ என்று தோன்றும் அளவுக்கு லேசாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

தோள்பட்டைப் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சைப் புடைக்க வேண்டாம். இடுப்பிலிருந்து நிமிர்ந்தால் மீதி தானாக வரும். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் லேசாகப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பத்து விநாடி வையுங்கள். காதை நோக்கித் தோள் ஏறக் கூடாது. பகலில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் நூல் மாற்றும்போது செய்யலாம், அலுவலகத்தில் இருப்பவர் போன் பேசும்போது செய்யலாம்.

கை எதிர்ப்புப் பயிற்சி. இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். வலது உள்ளங்கையை வலது கன்னத்தில் வைத்து, வலப்பக்கம் திரும்ப முயலுங்கள்; கை அதைத் தடுக்க, தலை அசையவே கூடாது. உங்கள் முழு பலத்தில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் இரண்டு பங்கு. ஐந்து விநாடி, பக்கத்துக்கு ஐந்து முறை.

துண்டைக் கொண்டு திருப்புவது. படுத்துப் பார்த்த பரிசோதனையில் ஒரு பக்கம் திரும்பாமல் நின்றவர்களுக்கு மட்டும். முல்லிகன் முறையையே நாமே செய்துகொள்ளும் வழி இது. துண்டின் ஓரம் மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, பிடரியில் படிய வேண்டும். அதன் ஒரு முனையைக் கிடைமட்டமாக முன்னோக்கி இழுத்துக்கொண்டே, திரும்பாத பக்கத்துக்கு மெதுவாகத் திரும்பி, கடைசியில் சில விநாடி நிற்க வேண்டும். எந்த முனையை எந்தக் கையில் பிடிப்பது என்பதை நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். மாற்றிப் பிடித்தால் பலனில்லை. ஒரு வேளைக்கு இரண்டு முறை, நாளைக்கு இரண்டு வேளை. சுருக்கென்று வலித்தால் இடத்தைச் சிறிது மாற்றுங்கள். அப்படியும் வலித்தாலோ தலை சுற்றினாலோ விட்டுவிடுங்கள்.

கழுத்தை வட்டமாகச் சுழற்றும் பயிற்சியைப் பள்ளிக்கூட டிரில் வகுப்பிலிருந்தே செய்து பழகியிருப்போம். கழுத்துத் தலைவலி உள்ளவர்களுக்கு, அதிலும் தலையைப் பின்னால் சாய்த்துச் சுழற்றுவதை, நான் பரிந்துரைக்க மாட்டேன். யோகாசனம் செய்பவர்கள் சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் சிகிச்சை முடியும் வரை ஒத்திவையுங்கள்.

நாள் முழுக்கக் கழுத்து என்ன செய்கிறது

தலையின் எடை நான்கரை, ஐந்து கிலோ. குனியக் குனிய அதைத் தாங்கும் சுமை கழுத்துக்குக் கூடும். ஆனால் ‘சரியான நிலை’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பதும் தவறுதான். அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுவது எல்லா நாற்காலியைவிடவும் பெரிய மருந்து. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினி என்றால் அடியில் நான்கு தடித்த புத்தகம், தனி கீபோர்டு. இரட்டைக் குவியக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் திரையைப் படிக்கத் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். அவர்கள் திரையைத் தாழ்த்த வேண்டும்.

தலையணை ஒன்று போதும். பக்கவாட்டில் படுப்பவருக்குக் காதுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள உயரத்தை அது நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வானது. குப்புறப் படுத்துக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துத் தூங்குவதை விட்டாலே சிலருக்குக் காலைத் தலைவலி பாதி குறைந்துவிடுகிறது. தலையில் குடமோ விறகுக்கட்டோ சுமப்பவர்கள், முடிந்தால், வலி அடங்கும் வரை இடுப்புக்கோ தள்ளுவண்டிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் கனமாக இருக்கிறது என்று கழற்றி வைக்க வேண்டாம். தலைக்குப் பொருந்தும் அளவில் எடை குறைந்ததாக வாங்குங்கள்.

எத்தனை நாளில் தெரியும்?

வாரத்துக்கு இரண்டு முறை பிசியோதெரபிஸ்ட், தினமும் வீட்டுப் பயிற்சி, ஆறு வாரம். இதுதான் நியாயமான கணக்கு. முதலில் குறைவது பெரும்பாலும் வலியின் கடுமை. வலி வரும் நாள்களின் எண்ணிக்கை மெதுவாகத்தான் குறையும். முதல் இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகு பிடரி ஒரு நாள் கனத்துக் கிடப்பது வழக்கம். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பார். பத்து விநாடி பத்து முறை எளிதாக வந்து, கழுத்து இரு பக்கமும் ஒரே அளவு திரும்பும்போது அமர்வுகளை நிறுத்திவிட்டு, வீட்டுப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாக இன்னும் சில மாதம் தொடருங்கள். வலி போனதும் பயிற்சியையும் விடுபவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

இடையில் வலி திரும்பும் நாள் வரும். அன்று கை எதிர்ப்பையும் துண்டையும் விட்டுவிடுங்கள். பிடரிக்குக் கால் மணி நேரம் வெந்நீர் ஒத்தடம், பிறகு தலையசைப்புப் பயிற்சியை ஐந்து விநாடி, ஐந்து முறையாகக் குறைத்துச் செய்யுங்கள், பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். படுத்தே கிடக்க வேண்டாம். மாத்திரை வேண்டுமென்றால் போடுங்கள், நோட்டில் குறியுங்கள்.

ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதே சிகிச்சையை இன்னொரு ஆறு வாரம் நீட்டுவதில் பொருளில்லை. நரம்பியல் மருத்துவரிடமோ வலிச் சிகிச்சை மருத்துவரிடமோ போங்கள். கழுத்து நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியை எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் படத்தின் துணையோடு குறிப்பிட்ட மூட்டுக்குப் போட்டு, தலைவலி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்கினால் எந்த மூட்டு என்பது உறுதியாகிவிடும், அடுத்த சிகிச்சையை அதை வைத்து முடிவுசெய்யலாம். அடங்காவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு. தலைவலி நோட்டையும், என்னென்ன பயிற்சி எத்தனை வாரம் செய்தீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுக்கும் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.